இரண்டாவது ஓட்டு

நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு நண்பர் கேட்ட கேள்விக்கு இரண்டு நாளில் நாற்பத்தேழு பதில்கள் வந்தன. எண்ணிப் பார்த்தேன். அதில் பதினொன்று காலை வணக்கப் படங்கள், ஆறு கை கூப்பும் பொம்மைகள், மீதி முப்பதும் சண்டை. கேள்வி என்னவோ சாதாரணமானதுதான். இங்கே பூனாவில், கராடிப் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் அவருடைய பேத்திக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறது. படிப்பு, குடும்பம், ஜாதகம் எல்லாம் சரி. பையன் வீட்டார் மட்டும் எதிர்க்கட்சி. அதுவும் சும்மா ஓட்டுப் போடுகிறவர்கள் இல்லை, காலையில் எழுந்ததும் அதைப் பற்றிப் பேசுகிறவர்கள். இப்படிப்பட்ட கல்யாணம் நிலைக்குமா என்று கேட்டிருந்தார்.

எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். அது பதிலா என்பதும் எனக்குத் தெரியவில்லை. எனக்கு ஒன்பது வயதில் நடந்த ஒரு தேர்தல் பருவம் அது. உங்களில் பலர் அப்போது இதே ஊரில் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு திரிந்தவர்கள். விவரம் ஏதாவது தப்பாக இருந்தால் திருத்துங்கள். எண்களை மட்டும் திருத்த வேண்டாம். அவை சரி.

கட்சிகளின் உண்மைப் பெயரை எழுதினால் இன்னும் நாற்பத்தேழு வரும். ஆகவே அப்பாவின் கட்சியைக் குடை என்றும் அம்மாவின் கட்சியை மணி என்றும் வைத்துக்கொள்கிறேன்.

அப்போது சாங்வி ஒரு கிராமம். அதற்கு இந்தப் பக்கம், ஆற்றோரமாக, மத்திய சர்க்கார் ஊழியர்களுக்கான லைன் வீடுகள் இருந்தன. ஓடு போட்ட நாற்பத்தாறு வீடுகள். பாதிக்கு மேல் மராத்திக்காரர்கள். தமிழ்க் குடும்பங்கள் ஒன்பது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் ராணுவத்தின் வெற்று மைதானம். எங்களுக்கென்று தனியாக ஒரு சின்ன வாக்குச்சாவடி. மொத்தம் நூற்றுப் பதினெட்டு வாக்காளர்கள். தண்ணீருக்கு ஒரே குழாய், லைனின் கடைசியில், எருமைத் தொழுவத்துக்குப் பக்கத்தில். எங்கள் வாசலிலிருந்து அதற்கு இருநூற்றுப் பன்னிரண்டு அடி. நிறைகுடத்தோடு திரும்பும்போது இருநூற்று நாற்பது, ஏனென்றால் அம்மாவின் காலடி சின்னதாகிவிடும். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் வரும். ஏழேகாலுக்கு நின்றுவிடும்.

அப்பா குடைக்காரர் ஆனதற்கு ஒரு நாற்காலிதான் காரணம். அவருக்குச் சின்ன வயதிலேயே அப்பா அம்மா இல்லை, அக்காதான் வளர்த்தார். அந்த அத்தை இருபத்திரண்டு வயதில் கணவனை இழந்தவர். தெருவில் எதிரே வந்தால் ஆட்கள் நின்று, திரும்பிப்போய், பிறகு வருவார்களாம். தம்பியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஒரு சான்றிதழ் வேண்டியிருந்தது. அதற்காக ஊர்க் குடைக் கட்சிப் பெரியவர் வீட்டுக்கு அத்தை போனபோது, அவர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டு, "உக்காரும்மா" என்றாராம். சான்றிதழ் கிடைத்ததா என்று நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அப்பா நாற்காலியைத் தாண்டிச் சொன்னதே இல்லை.

அம்மா திருச்சிப் பக்கம். அவளுக்குப் பதினாலு வயதில் தாத்தாவுக்குத் திடீரென்று வாய் கோணிக் கை விழுந்துவிட்டது. மாட்டு வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வழியில் குடைக் கட்சி ஊர்வலம். முக்கால் மணி நேரம் வெயிலில் வண்டி நின்றது. அம்மா விசிறிக்கொண்டே இருந்தாள். ஒரு தொண்டர் வந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து வண்டியைப் பின்னால் தள்ளிவிட்டுப் போனார். தாத்தா அதற்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. குடையை எதிர்த்து ஊரில் நின்றது ஒரு கட்சி, பூனாவில் நின்றது வேறு கட்சி. அம்மாவுக்கு அந்த வேறுபாடெல்லாம் கிடையாது. குடைக்கு எதிரில் எது நின்றாலும் அது அவள் கட்சி.

இவர்கள் இரண்டு பேருக்கும் பத்துப் பொருத்தம் பார்த்திருக்கிறார்கள். பதினொன்றாவதாக ஒன்றைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கல்யாணமாகி மூன்றாம் நாள் பூனா ரயிலில் வரும்போது, ஏதோ ஒரு ஸ்டேஷனில் குடைக் கொடியைப் பார்த்து அப்பா சந்தோஷமாகக் கையை நீட்டிக் காட்ட, அம்மா ஜன்னல் பலகையை இறக்கிவிட்டாளாம்.

ஆனால் அவர்கள் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. ரேடியோவில் செய்தி முடிந்ததும் அப்பா, "கேட்டியா?" என்பார்.

"கேட்டேன், கேட்டேன். உங்க ஆளுங்க வழி விட்டாங்களாமா?" என்பாள் அம்மா.

அவ்வளவுதான். அப்பாவுக்குச் சர்க்கார் வேலை, கொடி பிடிக்க முடியாது. அம்மாவுக்கு அடுப்பு வேலை, நேரம் கிடையாது.

அந்த வருஷம் வார்டு தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, லைனின் நடுவில் ஆறு இரும்புக் குழாய்கள் வந்து இறங்கின. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை குடை வேட்பாளரே வீடு வீடாக வந்தார். எல்லோரும் அவரைப் பாவு என்பார்கள், மராத்தியில் அண்ணன். எங்கள் வீட்டில் இருந்த ஒரே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். அப்பா ஸ்டூலில். அம்மா டீ கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். அவர் இந்தியும் மராத்தியும் கலந்து பேசியதைத் தமிழில் தருகிறேன்.

"லைன் நடுவுல குழாய் வருது. பைப் இறங்கினதைப் பாத்தீங்கல்ல? ஆனா நான் கணக்குப் பாக்கறவன். சாவடி சாவடியா எண்ணுவாங்க, எதுக்கு எத்தனைன்னு எழுதின சீட்டு எனக்கு வந்துடும். இந்தச் சாவடியில ஒரு ஓட்டுகூட வெளிய போகக் கூடாது."

"போகாது பாவு," என்றார் அப்பா.

பாவு அம்மாவைப் பார்த்தார். "வஹினி, டீ பிரமாதம்." வஹினி என்றால் அண்ணி. பிறகு அப்பா பக்கம் திரும்பி, "வஹினியைப் பத்தி நாலு பேர் சொன்னாங்க. அன்னிக்கு ஒரு நாள் அவங்களுக்குத் தலைவலின்னு வெச்சுக்குவோமே. பொண்டாட்டியை ஒரு நாள் வீட்டுல வெக்க முடியாதா உங்களால?" என்றார்.

அப்பா சிரித்தார்.

பெரிய சிரிப்பு இல்லை. அலுவலகத்தில் மேலதிகாரி ஏதாவது சொன்னால் வருமே, அந்த அளவு. நான் அப்போது தரையில் உட்கார்ந்து பாவுவின் சட்டைப் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தேன், ஏழு. அம்மா வந்து, பாதி டீ மிச்சமிருந்த டம்ளரை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் போன பிறகு அம்மா சொன்னாள்: "அந்த ஆள் பேசினது போகட்டும். நீங்க ஏன் சிரிச்சீங்க?"

"வேற என்ன பண்ணச் சொல்றே? வீட்டுக்கு வந்தவர்."

"வந்தவர் உக்காந்திருந்தார். நான் நின்னுட்டிருந்தேன்."

அப்பா எழுந்தார். நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். அது சறுக்கி விழுந்தது. மறுபடியும் சாய்த்தார்.

வாக்குப்பதிவு எங்கள் பள்ளிக்கூடத்தின் முதல் அறையில் நடந்தது. கரும்பலகைக்குக் கீழே அட்டைப் பெட்டிகளை அடுக்கி, முன்னால் ஒரு கோணித் திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஈரக் கோணியும் முத்திரை மையும் கலந்த அந்த வாசனை வாசல் வரை வந்தது. அதை இப்போது எங்கேயும் முகர முடிவதில்லை. பொத்தானை அழுத்தினால் வாசனை வருமா? அம்மா ஒன்பது மணிக்குப் பொங்கல் புடவையைக் கட்டிக்கொண்டு தனியாகப் போனாள். வழியில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். தலைவலி ஒன்றும் வரவில்லை. அப்பா மதியம் இரண்டு மணிக்கு மேல் போனார். நான் எதிரில் மதில் மேல் உட்கார்ந்து எண்ணினேன். சாயங்காலம் வரை நூற்றொன்பது பேர்.

மூன்றாம் நாள் பாவு பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார். ஆனால் அன்றே ஒரு ஆள் வந்து அப்பாவிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, "பாவு குடுக்கச் சொன்னார்," என்றான். அப்பா படித்துச் சட்டைப் பையில் வைத்தார். லைனில் மணிக்கு ஓட்டு விழுந்திருக்கிறது என்ற செய்தி அதற்குள் குழாயடிக்குப் போய்விட்டது. மறுநாள் ஆறு பைப்பையும் ஒரு டெம்போவில் ஏற்றி அடுத்த குடியிருப்புக்குக் கொண்டு போனார்கள். பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். அம்மாவும் நின்றாள்.

அதற்குப் பிறகு குழாயடி வரிசையில் அம்மாவின் குடம் நிற்கவில்லை. ஐந்து மணிக்கே போய் வைத்தாலும், ஆறு மணிக்குப் பார்த்தால் கடைசியில் இருக்கும். யார் நகர்த்தினார்கள் என்று தெரியாது. அவள் முறை வருவதற்குள் ஏழேகால். மூன்று நாள் வெறும் குடத்தோடு வந்தாள். அப்பா சைக்கிளில் இரண்டு தகர டின்களைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு அப்பாலிருந்து தண்ணீர் கொண்டு வந்தார். நாலாம் நாள் அம்மா, "என்னை எங்க அண்ணன் வீட்டுல கொண்டு விட்டுடுங்க," என்றாள்.

"எத்தனை நாளைக்கு?"

"அங்கேயே இவனைப் பள்ளிக்கூடத்துல சேத்துடலாம்."

அப்பா ஸ்டேஷனுக்குப் போய், வரும் ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முழு டிக்கெட்டும் ஒரு அரை டிக்கெட்டும் எடுத்து வந்தார். அரை நான்.

அன்று சாயங்காலம் ஆணியில் மாட்டியிருந்த அப்பா சட்டையின் பையில் அந்தச் சீட்டைப் பார்த்தேன். குடை நூற்றேழு, மணி இரண்டு. கூட்டினேன். நூற்றொன்பது, சரியாக இருந்தது. அதை அடுப்படிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

"அம்மா, நீ ஒரு ஓட்டுத்தானே போட்டே?"

"பின்னே எத்தனை போடுவாங்க?"

"இதுல ரெண்டு இருக்கு."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு சீட்டை வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். "அது ஒண்ணு இல்லையே? சரியாப் பாத்தியா?"

"மூணு தடவை பாத்தேன்."

"அப்போ யாரோ ஒருத்தங்க இருக்காங்க," என்றாள். அதையே இன்னொரு தடவை சொன்னாள். அடுப்பில் குழம்பு பொங்கி வழிந்ததை நான்தான் இறக்கினேன்.

மறுநாளிலிருந்து அம்மா அந்த இன்னொரு ஆளைத் தேட ஆரம்பித்தாள். வாய் விட்டுக் கேட்க முடியாது. கேட்டால் அந்த ஆளின் குடமும் கடைசிக்குப் போகும். ஆகவே குழாயடியில் ஒவ்வொருத்தியையும் பார்த்து லேசாகச் சிரித்தாள், பிறகு ஒரு கண்ணைச் சிமிட்டினாள். கண் சிமிட்டத் தெரியாதவள். முகத்தின் ஒரு பக்கம் முழுவதும் சுருங்கும்.

மூன்று வீடு தள்ளி ஒரு டீச்சரம்மா இருந்தார். பூனாவின் கன்டோன்மென்ட் பகுதியான கேம்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. சர்ச்சுக்குப் போகிற தமிழ்க் குடும்பம், திருநெல்வேலிப் பக்கம். அம்மா அவரைப் பார்த்துச் சிமிட்டியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"என்னம்மா, கண்ணுல தூசி கீசி விழுந்துட்டா?" என்றார்.

"இல்லை டீச்சர்."

"பின்ன என்னத்துக்கு இப்படிச் சுருக்குதீங்க? கண் டாக்டர்ட்ட காட்டுங்க. லேசா விட்டுராதீங்க."

அம்மா தேடுவதைப் பார்த்து நானும் தேடினேன். என் முறை வேறு. நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதி, ஒவ்வொருவரிடமும் நேராகவே கேட்டேன். டீச்சரம்மாவிடம், "நீங்க மணிக்கா போட்டீங்க?" என்றேன்.

"ஏலே, ஓட்டு யாருக்குன்னு ஒருத்தர்ட்ட கேக்கக் கூடாதுன்னு உனக்கு ஸ்கூல்ல சொல்லித் தரலையா? நான் குடைக்குத்தாம்லே போட்டேன். எங்கப்பா காலத்துல இருந்து எங்க வீட்டுல குடைதான். ஓடு."

அவர் பெயருக்கு எதிரில் குறுக்குக் கோடு போட்டேன். பதினாலாவது ஆளாக ஒரு ரிட்டயர்ட் ஹவில்தாரைக் கேட்டபோதுதான் தப்பு நடந்தது. அவர் என் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். "என் விசுவாசத்தை உங்க மகன் சந்தேகப்படறான்," என்று அப்பாவிடம் இந்தியில் சொல்லிவிட்டு, சல்யூட் அடித்துவிட்டுப் போனார்.

அப்பா என்னைச் சைக்கிள் முன்கம்பியில் உட்கார வைத்து ஆற்றுக்கு ஓட்டினார். எருமைகள் தண்ணீரில் மூக்கு மட்டும் தெரியப் படுத்திருந்தன, பதினேழு. சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்.

"எத்தனை பேரைக் கேட்டே?"

"பதினாலு."

"இன்னும் எத்தனை பாக்கி?"

"அம்மாவை விட்டுட்டா தொண்ணூத்தி நாலு."

"அதுல நான் இருக்கேனா?"

"இருக்கீங்க. உங்களைக் கேக்க வேணாம்னு கோடு போட்டுட்டேன். நீங்கதான் குடையாச்சே."

அப்பா கொஞ்ச நேரம் எருமைகளைப் பார்த்தார். "கேளு," என்றார்.

எனக்கு ஏனோ பயமாக இருந்தது. "நீங்க எதுக்குப் போட்டீங்க?"

"கோணியைத் தள்ளிட்டு உள்ள போனேன். முத்திரையை எடுத்தேன். குடைக்கு நேராத்தான் கை போச்சு. அன்னிக்கு நான் சிரிச்சேன்ல, அது காதுல கேட்டுது."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்லை. கை நகந்துடுச்சு."

எனக்குக் கணக்கு முடிந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், "அம்மாகிட்ட சொல்லட்டுமா? சொன்னா ஊருக்குப் போகமாட்டாங்க," என்றேன்.

"சொல்லாதே. சொன்னா, புருஷன் பரிதாபப்பட்டுப் போட்டான்னு நெனைச்சுப்பா. அவளுக்கு இப்ப வேண்டியது வெளியாள் ஒருத்தர். வீட்டு ஆளு அந்தக் கணக்குல வரமாட்டான்."

ஒரு ஓட்டு எப்படிக் கணக்கில் வராமல் போகும் என்று எனக்கு அன்று புரியவில்லை. இப்போது யோசித்தால் அவர் சொன்னது பாதிதான் சரி என்று படுகிறது. அம்மாவிடம் சொல்ல வேண்டுமென்றால் அந்தச் சிரிப்பையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஓட்டை மாற்றிப் போட முடிந்த மனிதருக்கு அது முடியவில்லை. அதற்கடுத்த தேர்தல்களில் அவர் எதற்குக் குத்தினார் என்றும் எனக்குத் தெரியாது. இத்தனை எண்ணியவன் அதைக் கேட்காமல் விட்டேனே என்று இன்றைக்கும் குடைகிறது.

தகரப் பெட்டி நடு அறைக்கு வந்தது. அம்மா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். என் ஸ்வெட்டரை வைக்கவில்லை. திருச்சியில் அதற்கு வேலை இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ரயிலுக்கு முந்தின நாள் காலை, சனிக்கிழமை, கடைசியாக ஒரு தடவை தண்ணீருக்குப் போனோம். அம்மாவின் குடம் வழக்கம்போல் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. அப்போது டீச்சரம்மா அதைத் தூக்கி வந்து தன் குடத்துக்கு முன்னால் வைத்தார். "நான் வரும்போது இது இங்கனதான் இருந்தது. வரிசைன்னா வரிசைதான்," என்றார் மற்றவர்களிடம், வகுப்பில் சொல்வது போல.

அம்மா அவரையே பார்த்தாள். தண்ணீர் பிடித்துக்கொண்டு டீச்சரம்மாவோடு திரும்பும் வழியில், யாரும் இல்லாத இடத்தில் குடத்தை இறக்கி வைத்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன். நாளைக்கு ஊருக்குப் போறேன், இனிமே வரப்போறதில்லை. அதனால உண்மையைச் சொல்லுங்க. அந்த ரெண்டாவது ஓட்டு நீங்கதானே?"

டீச்சரம்மா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். "அது தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க?"

"இத்தனை பேர்ல எனக்குன்னு ஒருத்தர்கூட இல்லைன்னுதான் போறேன். ஒருத்தர் இருக்காங்கன்னா நான் எதுக்குப் போகணும்?"

பொய் சொல்கிற பிள்ளைகளை ஸ்கேலால் அடிக்கிற டீச்சர் அவர். அந்த ஸ்கேலைப் பற்றிக் கேம்ப் வரைக்கும் பேச்சு இருந்தது. குடத்தை இடுப்பு மாற்றினார். கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையை ரவிக்கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டார்.

"நான்தான்," என்றார். "யாருட்டயும் சொல்லிராதீங்க."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று அவரிடமும் நான் கேட்டதில்லை. அவர்கள் இருவரும் அன்றிலிருந்து முப்பத்தொரு வருஷம் தோழிகளாக இருந்தார்கள். குழாய் இரண்டு வருஷம் கழித்து, தேர்தல் எதுவும் இல்லாத ஒரு மழைக்காலத்தில், தானாக வந்தது.

சனிக்கிழமை அப்பாவுக்கு அரை நாள் அலுவலகம். ஒன்றரை மணிக்கு வந்தார். தகரப் பெட்டி இருந்த இடத்தில் இல்லை. என் ஸ்வெட்டர் பழைய ஆணியில் தொங்கியது. அம்மா இலை போட்டு அப்பளம் பொரித்திருந்தாள்.

"டீச்சரம்மாவாம்," என்றாள், சாதம் போட்டுக்கொண்டே.

"என்ன?"

"அந்த இன்னொரு ஓட்டு. அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க."

அப்பாவின் கை சாதத்தில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் அப்பளத்தை எண்ணினேன், நான்கு.

"அத்தனை பேரும் ஒரு பக்கம் நிக்கும்போது, தனியாப் போய்க் குத்தியிருக்காங்க பாருங்க. எவ்வளவு தைரியம். உங்க கட்சியில அப்படி ஒரு ஆம்பளை இருக்கானா, சொல்லுங்க."

அப்பா ரசத்தை விட்டு நிதானமாகப் பிசைந்தார்.

"இல்லை," என்றார். "அவ்வளவு தைரியம் யாருக்கு இருக்கு."

சாப்பிட்டு எழுந்து கை கழுவினார். பிறகு அந்த ஒன்றரை டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க, சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்.